களிம்பு எட்டாத இடம்

முடிதிருத்துகிறவனுக்கு ஒரு ஆளை முகத்தைவிட உச்சந்தலையை வைத்துத்தான் அதிகம் தெரியும். யாருக்கு ரெட்டைச் சுழி, யாருக்குப் பின்மண்டையில் சின்ன வயதுத் தழும்பு, யாருக்குப் பொடுகு, யாருக்குப் பேன் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. தலையில் வரும் சீக்கும் அப்படித்தான். முடி வட்டமாகக் கொட்டினால் ஊரில் அதற்கு ஒரே பெயர், புழுவெட்டு. சீப்புப் பிடித்த கைக்கு அது இரண்டு சீக்கு.

ஒன்றில் முடி உதிர்ந்த இடம் வழவழவென்று இருக்கும். செதில் இருக்காது, அரிப்பும் பெரிதாக இருக்காது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது அது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. இன்னொன்றில் தோல் சாம்பல் பூத்துச் செதில் செதிலாக உதிரும். முடி வேரோடு விழாமல் தோலை ஒட்டி ஒடிந்து கரும்புள்ளி வைத்த மாதிரி நிற்கும். அரிக்கும். பிடரிப் பக்கம் தடவினால் நெறிக்கட்டு தட்டுப்படும். இது பூஞ்சை. உடம்பில் வந்தால் படர்தாமரை என்கிறோமே, அந்த இனம்தான் தலையில் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளுக்கு வரும். இது ஒட்டுவாரொட்டி.

ஒண்ணாம் வகுப்புப் படித்த என் மகளுக்கு இரட்டைச் சடை போட வகிடெடுத்தபோது என் மனைவி கண்டுபிடித்தது இந்த இரண்டாவது வகையை. காதுக்கு மேலே எட்டணாக் காசு அகலத்துக்கு ஓர் இடம். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். செதிலுக்கு நடுவே கரும்புள்ளிகள். சந்தேகமே இல்லை.

முதலில் எனக்கு வந்தது பிள்ளையைப் பற்றிய கவலை இல்லை, கடையைப் பற்றிய கவலை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சலூன்காரன் பிள்ளை தலையிலேயே படை என்று தெரிந்தால் அவன் மெஷினுக்குக் கீழே யார் தலையைக் கொடுப்பார்கள்? எங்களுடையது ஒரே தெரு பஜார். டீக்கடையில் ஒருவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் உள்ளூர் டாக்டரை விட்டுவிட்டு, பஸ் ஏறி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனோம். பயம் தள்ளிக்கொண்டு போனாலும் போய்ச் சேர்ந்தது சரியான இடத்துக்குத்தான்.

அதற்கு முன்பே வீட்டில் வைத்தியம் தொடங்கியிருந்தது. அத்தை சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார். மச்சான் மருந்துக் கடையில் சொல்லி ஒரு டியூப் வாங்கி வந்தான். அதைப் போட்டதும் சிவப்பு அடங்கியது, அரிப்பும் நின்றது. “பாத்தீங்களா மாப்ள, இதுக்குப் போயி பெரியாஸ்பத்திரியா?” என்றார் அத்தை. டாக்டரம்மா அந்த டியூபைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்பிப் படித்தார். மூன்று நான்கு மருந்து கலந்த களிம்பு அது. அதில் ஒன்று ஸ்டீராய்டு. “சிவப்பும் அரிப்பும் உங்க பொண்ணு உடம்பு காட்டுற எதிர்ப்பு. இந்த மருந்து அந்த எதிர்ப்பத்தான் அடக்குது. பூஞ்சை உள்ள நிம்மதியாப் பரவும்” என்றார். இந்த மாதிரி ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. சட்டம் அப்படி இருந்தும் நம்மூர்க் கடைகளில் அது பல்பொடி மாதிரி கைமாறுகிறது.

டாக்டரம்மா முதலில் விளக்கை அணைத்துவிட்டு ஊதா நிற ஒளி வீசும் ஒரு விளக்கை மகள் தலைமேல் பிடித்தார். சில வகைப் பூஞ்சை அதில் பச்சையாக மின்னுமாம். எங்களுக்கு மின்னவில்லை. நான் மூச்சு விட்டேன். “மின்னலைன்னா இல்லன்னு அர்த்தமில்லீங்க. நம்ம பக்கம் அதிகம் வர்ற வகை மின்னாது” என்று சொல்லிவிட்டு, மழுங்கிய பிளேடால் செதிலைச் சுரண்டி, ஒடிந்த முடி சிலவற்றைக் கவ்வியால் பிடுங்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. முடியும் செதிலும் அதில் இளகி ஊடுருவிப் பார்க்கும்படி ஆகிவிடும். பூஞ்சை அப்படியே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து அவர் பார்த்தார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், “நீங்களும் பாருங்க” என்று நுண்ணோக்கியை விட்டு எழுந்தார்.

பதினெட்டு வயதிலிருந்து முடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிக்கு உள்ளே பார்த்தது அன்றுதான். கண்ணாடிக் குழாய் மாதிரி தெரிந்த முடித்தண்டுக்குள், மேலிருந்து கீழே, பொடிப்பொடி உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு வரிசை கட்டி நின்றன. பூஞ்சையின் வித்துகள் அவை. முடிக்கு மேலே ஒன்றும் இல்லை, எல்லாம் உள்ளே. முடி ஏன் அடியிலேயே ஒடிகிறது என்ற கேள்விக்கு அந்த நொடியில் பதில் கிடைத்தது. உள்ளே செல்லரித்த கம்பு எப்படி நிற்கும்?

“களிம்பு எழுதிக் குடுங்க டாக்டர், நல்ல களிம்பா. எவ்வளவு விலைன்னாலும் வாங்கிப் போடுறோம்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். “தலையில இந்தப் பூஞ்சைக்குக் களிம்பு மட்டும் பத்தாது. உள்ளுக்கு மாத்திரைதான். ஆறு வாரத்துலேருந்து எட்டு வாரம், தேவைப்பட்டா அதுக்கு மேலயும்.” மருந்தின் பெயர் கிரைசியோஃபுல்வின். பூஞ்சையைச் சோதனைச்சாலையில் வளர்த்து எந்த வகை என்று பார்க்கவும் ஒரு மாதிரியை அனுப்பினார். அது வளர்ந்து முடிவு வரவே வாரக்கணக்காகும் என்பதால் மருந்தை அன்றே தொடங்கச் சொன்னார்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் மாத்திரையா? மனைவி என் கையை அழுத்தினாள். ஈரல் கெட்டுப் போகும், சிறுநீரகம் போய்விடும் என்று எங்கெங்கோ கேட்டதெல்லாம் கண்முன் வந்தது. தலையில் இருக்கும் நோயைவிட மாத்திரைக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். அதையும் வாய்விட்டுக் கேட்டேன்.

அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது என் தொழில் பாஷையில் இருந்தது. “நீங்க சவரக்கத்தி வெச்சு மழிச்சா எதுவரைக்கும் முடி போகும்?” தோல்வரைக்கும். “அதுக்குக் கீழ?” கீழே வேர் அப்படியே இருக்கும். “பூஞ்சை அங்கதான் இருக்கு. கத்தியும் எட்டாது, களிம்பும் எட்டாது.” வேர்ப்புழுவுக்கு இலையில் மருந்தடிக்கிற கதைதான். விழுங்குகிற மாத்திரையோ ரத்தத்தில் கலந்து, முடி உருவாகும் இடத்துக்கே போகிறது. அங்கே புதிதாகப் பிறக்கும் முடிக்குள் மருந்தும் சேர்ந்தே வளர்கிறது. அந்த முடியைப் பூஞ்சையால் தின்ன முடியாது. மருந்தேறிய முடி கீழிருந்து தள்ளத் தள்ள, பூஞ்சை பிடித்த பழைய முடி மேலே ஏறி வெளியேறும். கிரைசியோஃபுல்வின் பூஞ்சையை ஒரே அடியில் கொல்வதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. மீதியை முடி வளர்ச்சிதான் முடித்துவைக்கிறது.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அது எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, எங்கள் பிழைப்பே அந்தக் கணக்கில் ஓடுகிறது. ஏன் இத்தனை வாரம் என்ற கேள்விக்கும் அதுதான் பதில் என்று தெரிந்தபோது பாதிப் பயம் விட்டது.

மீதிப் பயத்துக்கும் அவர் பதில் வைத்திருந்தார். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு, எடைக்குத் தகுந்த அளவில், குறிப்பிட்ட காலம் கொடுக்கும்போது ஈரல் பாதிப்பு அபூர்வம். ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தாலோ, மருந்து நீண்டுகொண்டே போனாலோ ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தலைவலி, வயிற்றுப் புரட்டல் கொஞ்ச நாள் வரலாம். வெயில் பட்டால் சிலருக்குத் தோல் சீக்கிரம் சிவக்கும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ உடனே வர வேண்டும். டெர்பினாஃபின் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. சிலவகைப் பூஞ்சைக்கு அது நான்கு வாரத்திலேயே கேட்கும். எந்தப் பூஞ்சைக்கு எது, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்கிறவர் டாக்டர். அதனால்தான் என் மகளுக்கு எத்தனை மில்லிகிராம் கொடுத்தார்கள் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

அந்த மாத்திரையின் கதையையும் அவரே சொன்னார். 1939-ல் லண்டனில் ஹெரால்டு ரெய்ஸ்ட்ரிக் குழுவினர் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிரைசியோஃபுல்வினைப் பிரித்தெடுத்தார்கள். விழுங்கினால் படைக்குக் கேட்கும் என்பதை 1958-ல் ஜென்டில்ஸ் என்ற ஆய்வாளர் கினிப் பன்றிகளில் காட்டினார். பூஞ்சையிலிருந்து வந்த மருந்தே பூஞ்சைக்கு எமனானது. அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? குழந்தைகளின் தலையில் எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சி, மொத்த முடியையும் உதிரவைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகத்தின் பல நாடுகளில் இதுதான் சிகிச்சை. இஸ்ரேலில் 1950-களில், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இப்படிக் கதிர் வாங்கினார்கள். வளர்ந்த பிறகு அவர்களில் மூளைக் கட்டியும் தைராய்டு புற்றுநோயும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. 1994-ல் அந்த நாடு இழப்பீட்டுக்கென்றே சட்டம் போட்டது. இந்தக் கதையைக் கேட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த மாத்திரை அட்டையை நான் வேறு மரியாதையோடு வாங்கிப் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சிக்கல், பத்தியம். தோலில் எது வந்தாலும் நம் வீடுகளில் முதலில் நிற்பது முட்டை, கருவாடு, கத்தரிக்காய். அத்தை ரசம் சோறு மட்டும் போட ஆயத்தமாக இருந்தார். டாக்டரம்மா சொன்னதோ நேர் எதிர். கிரைசியோஃபுல்வின் கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆடை எடுக்காத பால், நெய் விட்ட சோறு, முட்டை எது கொடுத்தாலும் நல்லது. வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதி வீண். “மருந்து சாப்பிடுற பிள்ளைக்கு முட்டையா?” என்று அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மகளுக்குக் கொண்டாட்டம். பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, மாத்திரையைப் பொடித்து முதல் உருண்டையில் வைத்து ஊட்டிவிடுவாள் மனைவி. கசப்புக்கு முகத்தைச் சுளித்தாலும் அடுத்த உருண்டைக்கு வாய் திறந்துவிடும்.

முதல் வாரம் தாண்டியதும் அடி வயிற்றைக் கலக்கிய ஒரு விஷயம் நடந்தது. காதோரம், கழுத்து, கை, முதுகு எல்லாம் பொடிப்பொடியாகத் தடித்து அரிக்கத் தொடங்கியது. “மருந்து சேரலைங்க, நிறுத்திரலாம்” என்றாள் மனைவி. அத்தைக்கோ முட்டைதான் காரணம். நானும் அன்று ராத்திரி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நிறுத்திவிடும் எண்ணம் எனக்கும் வந்தது. விடிந்ததும் டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம்.

அவர் உடம்பு முழுக்கப் பார்த்தார். வாய்க்குள் புண் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, உதடு வீங்கியதா என்று கேட்டார். எதுவும் இல்லை. “இது மருந்து அலர்ஜி இல்ல. தலையில இருக்கிற பூஞ்சைக்கு எதிரா உடம்பு சண்டை போடுறப்ப மத்த இடத்துல இப்படித் தடிக்கும். மருந்து ஆரம்பிச்ச சமயத்துல நிறையப் பிள்ளைங்களுக்கு வரும். இத அலர்ஜின்னு நெனச்சு நிறுத்துறவங்கதான் அதிகம்” என்றார். அரிப்புக்கு ஒரு சிரப் எழுதினார். மாத்திரை தொடர்ந்தது. சில நாளில் தடிப்பு அடங்கியது. இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எது தடிப்பு, எது அலர்ஜி என்று பெற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. முகம், உதடு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, வாயில் புண்ணோ உடம்பில் கொப்புளமோ வந்தாலோ அடுத்த மாத்திரை கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மருந்தோடு ஒரு ஷாம்பும் கொடுத்திருந்தார்கள், கீட்டோகோனசோல். வாரம் இரண்டு முறை போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அது நோயைத் தீர்ப்பதற்கு அல்ல, தலையிலிருந்து வித்துகள் உதிர்ந்து அடுத்தவருக்குப் பரவுவதைக் குறைப்பதற்கு. வீட்டில் எல்லோரும் அதைப் போட்டோம். வெளியே ஒன்றும் தெரியாமலே சிலர் தலையில் பூஞ்சையைச் சுமந்துகொண்டிருப்பார்களாம். “எங்களுக்கெல்லாம் ஏன் வரல?” என்று அத்தை கேட்டார். வயசுக்கு வந்த பிறகு தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் இந்தப் பூஞ்சை வளரச் சிரமப்படும். அதனால்தான் பிள்ளைகளை அதிகம் பிடிக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் தடையில்லை. மருந்து தொடங்கிவிட்டால் போகலாம். சீப்பு, ரிப்பன், தொப்பி, தலையணை மட்டும் யாரோடும் மாற்றிக்கொள்ளக் கூடாது.

சொந்தக்காரர்கள் பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். முருகனுக்கு வேண்டுதல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் முடி இறக்கலாம். இந்த நோய்க்கு மொட்டை மருந்தில்லை. கத்தி எதுவரை போகும் என்பதை நானே டாக்டரம்மாவுக்குச் சொல்லியிருந்தேனே.

பாதி வழியிலேயே அந்த இடத்தில் பூனைமுடி முளைக்கத் தொடங்கியது. செதில் காணோம். வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை அலுத்துவிட்டது. “அதான் முடி வந்திருச்சே மாப்ள, இன்னும் எதுக்குப் பிள்ளைய வதைக்கணும்?” அந்த நேரத்தில் மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மா மறுபடி சுரண்டி எடுத்துப் பார்த்தார். அங்கங்கே இன்னும் இருந்தது. முடி முளைப்பதும் பூஞ்சை ஒழிவதும் ஒன்றல்ல. கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போது நிறுத்தினால் மிச்சம் இருப்பது திரும்பவும் பரவும். மருந்தை நிறுத்துவதை நுண்ணோக்கி பார்த்து முடிவு செய்ய வேண்டும், கண்ணாடி பார்த்து அல்ல. அவர் நிறுத்தச் சொன்ன நாள்வரை கொடுத்தோம். இன்று அந்த இடம் எது என்று எனக்கே தேடினாலும் தெரியாது.

தெரிகிற ஒரு தலையையும் சொல்ல வேண்டும். என் நாற்காலிக்கு வருகிற ஒரு பையனுக்கு உச்சிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு தழும்பு. சின்ன வயதில் அந்த இடம் புடைத்து, சொதசொதவென்று சீழ் வடிந்திருக்கிறது. சூட்டுக்கட்டி என்று பற்றுப் போட்டார்கள், பிறகு யாரோ கீறியும் விட்டிருக்கிறார்கள். அதுவும் இதே பூஞ்சையின் முற்றிய கோலமாக இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படிப் புடைத்தாலும் மருந்து இந்த மாத்திரைதான், கத்தியில்லை. தாமதமானால் முடிவேர் செத்து, தழும்பு மட்டும் மிஞ்சும். அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். ஒவ்வொரு முறையும், “அண்ணே, பின்னாடி மறையிற மாதிரி வெட்டுங்க” என்கிறான்.

கடையிலும் சில மாற்றங்கள் செய்தேன். ஒவ்வொரு தலைக்கும் பிறகு மெஷின் பிளேடில் சிக்கிய முடியைத் துலக்கி எடுத்துவிட்டுக் கிருமிநாசினி தெளிக்கிறேன். சீப்புகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளீச்சிங் கரைசலில் ஊறப்போடுகிறேன். கழுத்தில் கட்டும் துணியைக் கொதிக்கக் கொதிக்க அலசுகிறேன். மகள் விஷயம் எப்படியோ வெளியே தெரிந்தது. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள், மீதிப் பேர் வரவில்லை.

தொழில் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் தலையில் செதிலோடு முடி ஒடிந்த வட்டத்தைப் பார்த்தால் பேசாமல் வெட்டி அனுப்பிவிடாதீர்கள். பெற்றவரைத் தனியாகக் கூப்பிட்டு, தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை. பெற்றவர்களுக்கும் சொல்கிறேன். தலைப்படைக்கு டியூபைத் தேடி அலையாதீர்கள். டாக்டர் மாத்திரை எழுதினால் பயத்தை அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொண்டு, பால் சோற்றோடு கொடுங்கள். அவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.